இடது கைப் பக்கம் வராத சூரியன்

ஐந்தாம் நாள் காலையிலும் சூரியன் கப்பலின் மூக்குக்கு நேராகவே எழுந்தது.

துளசிங்கம் கிடங்கு வாசலில் குந்தியிருந்து, கண்ணைச் சுருக்கி அதையே பார்த்தான். வயிற்றில் ஒன்றுமில்லை. இருந்ததையெல்லாம் முதல் மூன்று நாளில் கடலுக்குக் கொடுத்தாயிற்று. இன்று தலை மட்டும் லேசாகச் சுற்றியது. சுற்றினால் என்ன, சுற்றுகிற தலைக்குக் கிழக்கு தெரியாதா?

பசியாவரத்தில் பிறந்து, இருபத்தெட்டு வயசு வரைக்கும் பழவேற்காட்டு ஏரியில் தோணி தள்ளியவன் அவன். மச்சான் சொன்னபடி கப்பல் நாகப்பட்டணம் போகிறதென்றால் தெற்கே போக வேண்டும். தெற்கே போனால் சூரியன் இடது கைப் பக்கம் வர வேண்டும். கரை தெரியாவிட்டாலும் விடியற்காலையில் கரைக்காற்றாவது வந்து மூக்கில் மோத வேண்டும். எதுவும் இல்லை. தண்ணீரின் பச்சை போய், நீலமும் போய், மையைக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இந்தப் பாவி எப்படிக் கப்பலேறினான் என்பதை, நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஏரியை ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் பாடு பாடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த இடம், இந்த நாள், இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டு எடுப்பது. அடுத்தவன் பாட்டில் வலை இறக்குவதைவிடக் கேவலமான திருட்டு அந்தக் கரையில் கிடையாது. மார்கழிக் கடைசியில் ஒரு விடியலில், வேதாசலத்தின் பாட்டில் யாரோ வலை இறக்கி மடவை மீனை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். தூரத்தில் போன தோணியின் பாயில் ஒரு காவி ஒட்டு இருந்ததை வேதாசலம் கண்ணால் பார்த்தான். அப்படி ஒட்டுப் போட்ட பாய் துளசிங்கத்தின் தோணிக்கு மட்டும்தான். துளசிங்கமோ அன்று காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். சொன்னான். யார் நம்பினார்கள்? மாசி மகத்துக்கு மறுநாள் விசாரணை, அதுவரை ஏரியில் இறங்கக் கூடாது என்று கட்டளையாயிற்று.

"சும்மா குந்திக்கினு இன்னா பண்ணப் போற மாப்ள? நாகப்பட்டணம் போயி இருவது நாள்ல வந்துடலாம். விசாரணைக்கு முன்னாடியே ஊர்ல இருப்ப" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தவன் உலகநாதன். துளசிங்கத்தின் மனைவி தனக்கோடிக்குக் கூடப் பிறந்த அண்ணன். இரண்டு முறை கடல் கண்டவன், இந்தக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன்.

ஏறிவிட்டான். ஏரியில் தோணி அவன் சொன்னதைக் கேட்கும். இங்கே கப்பல் சொன்னதை அவன் கேட்க வேண்டியிருந்தது. கால் ஒரு பக்கம் போனால் பலகை இன்னொரு பக்கம் போனது. படுக்கப் புடவைக் கட்டுகளுக்கு நடுவே முழங்கை அகலத்துக்கு ஓர் இடம். அதிலும் பாதி கரப்பான் பூச்சிகளுக்கு. குடிக்க ஒரு நாளைக்கு நாலு கொட்டாங்கச்சித் தண்ணீர். முகம் கழுவக் கடல்நீர்தான். கழுவின முகம் காய்ந்ததும் உப்புப் பூத்துக் கருவாட்டுக்குக் காயவைத்த மாதிரி இழுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை, கப்பலின் பின்பக்கம் கடலுக்கு மேலே தொங்கிய மரத்தொட்டி. காலைக்கடனுக்கு அதில்தான் உட்கார வேண்டும். கீழே அலை எழும்பி எழும்பி வந்து எட்டிப் பார்க்கும். முதல் நாள் துளசிங்கம் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, போன காரியம் ஆகாமலே எழுந்து வந்தான். கப்பல் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டான். இரண்டு நாளாக நடப்பது வேறு. அவன் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நாகப்பட்டணம் என்று வாயெடுத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மச்சானோ, அவனைத் தனியாக எவனோடும் இரண்டு வார்த்தை பேச விடுவதில்லை. எங்கிருந்தாவது வந்து நடுவில் நின்றுகொள்கிறான்.

இன்று மச்சான் பாய்மரத்துக் கயிற்று வேலையில் இருந்தான். துளசிங்கம் சத்தமில்லாமல் எழுந்து அடுப்புப் பக்கம் போனான்.

மணல் கொட்டிய பெட்டிக்குள் அடுப்பு மூட்டி, கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார் மீரான். கப்பலுக்குச் சமையல் அவர்தான். பழவேற்காட்டுக்காரர். வாய் சும்மா இருக்காது.

"வா தம்பி. இன்னிக்காவது கஞ்சி உள்ள நிக்குமா? இல்ல, இன்னிக்கும் மீனுக்குத்தானா?"

"நிக்கும் பாய். ஒண்ணு கேக்கணும்."

"கேளு. தண்ணி மட்டும் கேக்காத."

"தண்ணியப் பத்திதான் கேக்கறேன். கீழ எத்தினி பீப்பா இருக்குது?"

மீரானின் கரண்டி நின்றது. "உனக்கு எதுக்கு அது?"

"நேத்து அடித்தண்ணி எறைக்கப் போனப்ப எண்ணினேன். முப்பத்தாறு. நாலஞ்சு நாள் வழிக்கு முப்பத்தாறு பீப்பா எதுக்கு பாய்? நாகப்பட்டணத்துல எறங்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் குளிப்பாட்டி எறக்குவீங்களா?"

மீரான் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனுஷன்.

"உன் மச்சான் உனக்கு ஒண்ணுமே சொல்லலியா?"

"நாகப்பட்டணம்னு சொன்னான்."

"அட அல்லாவே!" மீரான் கரண்டியை உதறிவிட்டு, அதை நீட்டி வலப்புறம் பின்னால் காட்டினார். "நாகப்பட்டணம் தோ, அந்தாண்ட கெடக்குது. கோட்டையில ஒல்லாந்துக்காரன் குடுத்த பயணச் சீட்டுல அச்சைன்னு எழுதியிருக்குது தம்பி. கடலுக்கு அந்தக் கரை. இன்னும் பத்து நாள் ஓடணும். புடவைய எறக்கி, மொளகு ஏத்தி, காத்து பாத்துத் திரும்பினா, ஊர் மூஞ்சியப் பாக்க ஆடி ஆவணி ஆவும்."

துளசிங்கம் அடுப்புப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார் மீரான், மெதுவாக. "ஏறின அன்னிக்கே உன் மச்சான் எங்க எல்லாரையும் வேண்டிக்கினான். உனக்குக் கரை மறையற வரைக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்னு. நான்கூட ஏதோ கல்யாணம் காட்சி விஷயம்னு நெனச்சேன்."

உலகநாதன் குந்தி உட்கார்ந்து ஒரு பிரிந்த கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான்.

"இன்னா மாப்ள, மூஞ்சி தெளிஞ்சிருக்குது?"

"அச்சை எங்க இருக்குது மச்சான்?"

முறுக்கிய கயிறு கையில் அப்படியே தளர்ந்து பிரிந்தது. "யாரு சொன்னா உனக்கு?"

"சூரியன் சொல்லிச்சு."

உலகநாதன் சுற்றிலும் பார்த்தான். "கோவப்படாம கேளு."

"கோவமே இல்ல. இருவத்தஞ்சு நாள்ல விசாரணை. நான் அங்க நிக்கலன்னா ஊரு இன்னா சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. அதுக்குத்தானே இதெல்லாம்! கடல் தாண்டிப் போனவன் மேல பிராது எடுக்கறதில்ல. நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா? நாட்டார் தள்ளிடுவாங்க. இந்த வருசப் பாடு போவும், அவ்ளோதான். நின்னு குத்தம்னு ஆயிடுச்சுன்னா ஏழு வருசம் ஏரியில வலை எறக்க முடியாது. எது தேவல, நீயே சொல்லு."

"செய்யாத குத்தத்துக்கு ஓடிப்போனான்னு பேரு வாங்கறது தேவலையா?"

"பேரு சோறு போடுமா?"

"உனக்குப் போடாது. எனக்கு அதுதான் சோறு. நாளைக்கு யாரு என்கூட வலை புடிக்க வருவான்? அடுத்த சீட்டுல எவன் என்னக் கூட்டு சேப்பான்?" துளசிங்கம் அவன் எதிரே குந்தினான். "இந்தப் புத்தி உன்தா?"

உலகநாதன் பிரிந்த கயிற்றைக் கீழே வைத்தான். "தனக்கோடிதான் கேட்டா."

"பொய்."

"அம்மா மேல ஆணையா. அழுதா மாப்ள. 'அண்ணா, எப்படியாவது அவர இங்கேர்ந்து கூட்டிக்கினு போயிடு, மாசி முடியற வரைக்கும் ஊர்ல இருக்க வேணாம்'னா."

"அவளா? அன்னிக்கு ராத்திரி முழுக்க என் நெத்தியில ஈரத்துணி போட்டவளே அவதானே! நான் எழுந்திருக்கவே இல்லன்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கும் தெரியும் மாப்ள. நீ அந்தப் பாட்டுல வலை எறக்கல. சத்தியமா எனக்குத் தெரியும்."

இதற்குள் தண்டேல் அப்துல் லத்தீப் அதட்டினார். கப்பலில் வேலை ஏவுகிறவர் அவர். அவர் குரல் கேட்டால் நகராதவன் அன்று கஞ்சி பார்க்க மாட்டான். "இன்னாடா அங்க, மாமனும் மச்சானும் சம்பந்தம் பேசறீங்களா? தொளசிங்கம், எறங்கு கீழ. அடித்தண்ணி முழங்கால் வந்துடுச்சு!"

இறங்கினான். இருட்டில், அழுகின நாற்றத்தில், தோல்வாளியை மொண்டு மொண்டு மேலே நீட்டினான். ஐந்து நாளில் கைக்கு அந்த வேலை பழகிவிட்டிருந்தது. மனசுதான் ஒரே இடத்தில் நின்றது.

சத்தியமா எனக்குத் தெரியும்.

ஊரில் ஒருவனும் நம்பவில்லை. கூட வலை பிடித்த கருப்பன்கூட, "நீ எடுத்திருக்க மாட்ட, ஆனா..." என்று இழுத்தான். எல்லார் பேச்சிலும் அந்த 'ஆனா' இருந்தது. மச்சான் பேச்சில் மட்டும் இல்லை. அவன் அன்று வீட்டுப் பக்கம் வரவே இல்லையே. காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தவன்கூட இல்லையே. பார்க்காதவனுக்கு எப்படிச் சத்தியமாகத் தெரியும்?

வாளி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"பாயி! பாயி தெரியுது!" என்று மேலே யாரோ கத்தினார்கள்.

அவன் ஏறி வந்தபோது எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு கப்பல் வந்தது. இதே முதலாளியின் இன்னொரு கப்பல், அச்சையிலிருந்து பழவேற்காட்டுக்குத் திரும்புகிறது. ஐந்து நாளாகத் தங்கள் முகங்களையே பார்த்துச் சலித்தவர்களுக்குத் திருவிழாத்தேர் வந்த மாதிரி இருந்தது. இரண்டு கப்பலும் பாயைத் தளர்த்தி மிதந்தன. அங்கிருந்து ஒரு சின்னப் படகு வந்தது. படகில் வந்தவன் ஒரு சேதி சொன்னான். வழியில் காய்ச்சலில் மூன்று பேர் போய்விட்டார்கள், கயிறு இழுக்க ஆள் போதவில்லை, ஓர் ஆள் கொடுத்தால் புண்ணியம்.

தண்டேல் இடுப்பில் கை வைத்துக் கேட்டார். "யாரு போறீங்க? ஆறு நாள்ல ஊரு."

யாரும் அசையவில்லை. அச்சைக்குப் போனால்தான் ஒவ்வொருவனும் தன் மூட்டையில் மறைத்து வைத்திருக்கும் நாலு புடவையை விற்க முடியும். காய்ச்சல் கண்ட கப்பலில் யார் ஏறுவார்கள்?

"நான் போறேன்" என்றான் துளசிங்கம்.

"போடா ராசா, போ. உன் பங்குக் கஞ்சி எங்களுக்கு மிச்சம்" என்றார் தண்டேல், சந்தோஷமாக.

மூட்டையை எடுக்கப் போனவனின் தோளை ஒரு கை பிடித்தது. உலகநாதன். முகத்தில் ரத்தமே இல்லை.

"போவாத மாப்ள. போயி நின்னா உன் பக்கம் இன்னா இருக்குது? வேதாசலம் பாயப் பாத்திருக்கான். உன் வாய்ப்பேச்ச எவன் கேப்பான்? ஏழு வருசம் மாப்ள!"

துளசிங்கம் அந்தக் கையை எடுத்துவிட்டான். ஒரு வாளியைக் கயிற்றோடு கடலில் இறக்கி, மொண்டு, மச்சானின் காலடியில் வைத்தான்.

அது எதற்கென்று உலகநாதனுக்கு விளங்கிவிட்டது. பசியாவரத்துப் பிள்ளைக்கு அது விளங்காமல் போகுமா? அந்த ஊரில் சத்தியம் என்றால் சூடம் அணைப்பதில்லை. ஏரித்தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் குடித்துவிட வேண்டும். பொய் சொல்லிக் குடித்தவனைத் தண்ணீர் தாங்காது என்று பல் முளைக்காத பிள்ளைகூட நம்பும். தண்ணீரில் பிழைக்கிறவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட மாட்டார்கள்.

"அள்ளு மச்சான்."

"இன்னா இது, வெளையாட்டு."

"வேதாசலம் பாட்டுல வலை எறக்கினது நீ இல்லன்னு சொல்லிக் குடி. அப்பால நான் எங்கயும் போவல. உன்கூடவே அச்சை வரேன். ஆயுசுக்கும் உன்னச் சந்தேகப்பட மாட்டேன்."

"இது ஏரித்தண்ணி இல்ல மாப்ள..."

"முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வர்றது எந்தத் தண்ணி?"

உலகநாதன் குனிந்தான். கை வாளிக்குள் போனது. துளசிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அள்ளிக் குடித்துவிட மாட்டானா என்றுதான், அந்த நேரத்திலும், அவன் மனசு வேண்டியது. கை வெளியே வந்தது. விரல்கள் விரிந்திருந்தன. கையில் ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை.

"அப்ப மூணு நாளா அம்மா ஒல வெக்கல" என்றான் உலகநாதன், பலகையைப் பார்த்தபடி. "என் தோணி ஒழுகுது. உன்துதான் லேசு. ஒரே ஒரு வலை மாப்ள. இருட்டுல பாயில ஒட்டு இருக்கறது நெனப்பே வரல. காலையில பேச்சு உன் பேர்ல திரும்பிடுச்சு. அப்பால எப்படிச் சொல்றது? சொல்லலாம்னு தெனம் நெனப்பேன். தெனம் ஒரு நாள் தள்ளிப் போச்சு."

"என் தோணிய எடுத்த. என் பேர எடுத்த. இப்ப என்னையே எடுத்துக்கினு கடல் தாண்டிப் போற. இன்னும் இன்னா மிச்சம் மச்சான்?"

உலகநாதன் அழுதான். பெரிய ஆள் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று மீரான் கஞ்சிப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்டேல்தான் பொறுக்காமல் கத்தினார். "டேய், யாராவது ஒருத்தன் எறங்குங்கடா! காத்து உங்க பஞ்சாயத்துக்குக் காத்துக்கினு நிக்காது!"

"நான் போறேன்" என்றான் உலகநாதன்.

"நீயா? சுக்கான் புடிக்கறவன அனுப்பிட்டு நான் இன்னா பண்றது?"

"இவன் புடிப்பான். ஏரியில பொறந்தவன். ரெண்டு நாள் சொல்லிக் குடுங்க, போதும்."

துளசிங்கம் மச்சானின் முன்னால் போய் நின்றான். தான் போனால் தன் வாய்தான் சாட்சி. அந்தச் சாட்சிக்கு ஊரில் மதிப்பில்லை. தன்னைக் காப்பாற்றக் கூடிய வாய் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஐந்து நாளாகப் பொய் சொல்லிவந்த வாய் அது.

"எதுக்குப் போற? சொல்றதுக்கா, மூடி மறைக்கறதுக்கா?"

உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தோணிரேவுக் கரையில கால் வெக்கறப்பதான் எனக்கே தெரியும் மாப்ள. இப்பச் சொன்னா அதுவும் பொய்யாப் போயிடும்."

கப்பலேறிய நாள் முதலாக அவன் சொன்னதில் துளசிங்கம் நம்பியது அந்த ஒன்றைத்தான். வழிவிட்டு விலகி நின்றான்.

உலகநாதன் கயிற்றைப் பிடித்துப் படகில் இறங்கினான். படகைக் கட்டியிருந்த கயிறு துளசிங்கத்தின் பக்கம் இருந்தது. "அவுத்து விடுடா!" என்றார் தண்டேல். துளசிங்கம் முடிச்சில் கை வைத்தான். ஈரக்கயிறு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தான். படகு விலகியது.

கயிற்றின் நுனி கையில் இருந்தபோதுதான் அது அவனுக்கு உறைத்தது.

பசியாவரத்தில் அவன் தோணியைக் கட்டுவது அடுப்பங்கரைத் தட்டியை ஒட்டி நட்ட கம்பத்தில். முடிச்சை அசைத்தால் கம்பம் ஆடும், கம்பம் ஆடினால் தட்டி முழுக்கச் சலசலக்கும். அந்த ராத்திரி அவன் காய்ச்சலில் கிடந்தான். பக்கத்தில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு ஒருத்தி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான்!" அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான். "தோணிய அவுத்தப்ப தனக்கோடி பாத்தாளா?"

படகில் உலகநாதனின் துடுப்பு ஒரு கணம் தண்ணீருக்கு மேலேயே நின்றது.

பிறகு அது தண்ணீரில் இறங்கியது. அவன் திரும்பிப் பார்க்காமலே வலித்துக்கொண்டு போனான்.